ஃபெம் ஃபடால் வேடம்: துணி எடுப்பதிலிருந்து பார்வை வரை

குறும்படத்துக்கோ மேடை நாடகத்துக்கோ உடை கேட்டு வருகிறவர்கள், “கதையில் ஒரு ஃபெம் ஃபடால் இருக்காள்” என்று சொல்லிவிட்டு உடனே போனை எடுத்து ஒரு சிவப்பு கவுனைக் காட்டுவார்கள். தொடை வரைக்கும் வெட்டு, இறங்கிய கழுத்து, ஊசி மாதிரி ஹீல்ஸ். பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்பேன்: “இவளுக்கு என்ன வேணும்?” அதற்குப் பதில் கிடைத்த பிறகு துணிக்கடைக்குப் போனால் போதும். பதில் இல்லாமல் போனால், எவ்வளவு செலவு செய்தாலும் ஒரு பெண் வாடகை கவுனில் நிற்பது மட்டும்தான் படத்தில் தெரியும்.

அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு, தன்னை நெருங்கியவனுக்கு நாசத்தைக் கொண்டுவரும் பெண் என்று பொருள். நமக்கு இது புதிதல்ல. மோகினி பஸ்மாசுரனோடு சண்டை போடவில்லை. ஆடினாள், அவனும் கூடவே ஆடினான், கடைசியில் தன் கையைத் தானே தன் தலையில் வைத்துக்கொண்டான். இந்த வேடத்தின் சூட்சுமம் முழுக்க அதில் இருக்கிறது. அவள் எதையும் பிடுங்குவதில்லை. எதிரில் இருப்பவனே கொண்டுவந்து கொடுக்கிறான்.

இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நினைக்கும் உருவம், கறுப்பு சாட்டின், நீளக் கையுறை, ஒரு பக்கமாக விழும் முடி, இதெல்லாம் 1940-களின் ஹாலிவுட் குற்றப்படங்களிலிருந்து வந்தது. 1946-ல் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் அந்தப் படங்களை ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்று அழைத்தார், பெயர் நிலைத்துவிட்டது. அங்கே 1934-லிருந்து தணிக்கை விதிகள் மிகக் கடுமையாக இருந்தன. நேராக எதையும் காட்ட முடியாது. அதனால் உடை அமைப்பாளர்கள் ஒரு கையுறையிலும் ஒரு கால் சங்கிலியிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லப் பழகினார்கள். பணம் குறைவாக வைத்துக்கொண்டு வேலை செய்யும் நமக்கு அவர்களைவிட நல்ல ஆசிரியர்கள் கிடையாது.

முதலில் ஒரு வரி எழுதுங்கள்

அவளுக்கு என்ன வேண்டும், அதைப் பெற அவள் எந்த முகத்தைக் காட்டுகிறாள். இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதி, தைக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். “கணவனிடமிருந்து விடுதலை வேண்டும், அதற்காக ஒன்றும் அறியாதவளாகத் தெரிகிறாள்.” “பணம் வேண்டும்; அதற்காகப் பணமே தேவைப்படாதவளாகத் தெரிகிறாள்.” இரண்டாவது பாதிதான் உடை. முதல் பாதி உடையில் எங்காவது ஓரிடத்தில் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும்.

1946-ல் வந்த ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ படத்தில் லானா டர்னர் சாலையோர உணவகக்காரரின் மனைவி. கொலைக்குத் துணிகிறவள். ஆனால் ஏறக்குறைய படம் முழுக்க வெள்ளை உடையில் வருகிறாள். வெள்ளை ஷார்ட்ஸ், வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை கவுன். கறுப்புதான் வேண்டும், சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான்.

1944-ல் வந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’ படத்தில் பார்பரா ஸ்டான்விக்குக்கு உடை அமைத்தவர் ஈடித் ஹெட். அதில் அவருக்கு ஒரு பொன்னிற விக் வைத்தார்கள். பார்த்தாலே விக் என்று தெரியும். அவள் போலியானவள் என்று சொல்ல வேண்டிய வேலையை அந்த முடியே செய்துவிடுகிறது. அப்புறம் அந்தக் கால் சங்கிலி. அவள் மாடிப்படி இறங்கி வரும்போது, அவள் வலையில் சிக்கப்போகும் இன்சூரன்ஸ் ஏஜெண்டின் கண் அங்கேதான் போகிறது. அதில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்றுகூடப் பேச்செடுக்கிறான். அவன் விழுந்த இடம் அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு உங்கள் கதாநாயகி காலிலும் ஒரு சங்கிலியை மாட்டினால் வேலை செய்யாது. நம் வீடுகளில் தொட்டில் குழந்தைக்கே கொலுசு போடுகிறோம். யார் கண்ணையும் அது உறுத்தாது. அடையாளப் பொருள் அந்தந்த ஊர்க் கண்ணுக்குப் பிடிபட வேண்டும். கதை மதுரையில் நடக்கிறது என்றால் விதவை வேடத்தில் இருக்கிறவள் கைக்குட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு மல்லிகைப் பூ, அல்லது எல்லா நகையையும் கழற்றி வைத்தவள் ஒரு மூக்குத்தியை மட்டும் கழற்றாமல் இருப்பது போதும். ஒன்றே ஒன்று. இரண்டாவது பொருளைச் சேர்த்த உடனே பார்க்கிறவர் கண் அலைய ஆரம்பித்துவிடும்.

வெட்டும் வடிவமும்

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கதை 1943 என்றால் தோளில் பேட், இறுக்கிய இடுப்பு, முழங்காலை ஒட்டிய குறுகலான ஸ்கர்ட். போருக்காக அமெரிக்க அரசு 1942-ல் உடைத் துணிக்கே அளவு வைத்தது. ஸ்கர்ட் அகலமாக இருக்க வழியில்லை. ஸ்டாக்கிங்ஸ், அதாவது நீளக் காலுறை, செய்யும் நைலானும் போர்த் தேவைக்குப் போய்விட்டதால் பெண்கள் காலில் சாயம் பூசி, பின்னால் புருவப் பென்சிலால் தையல் கோடு வரைந்துகொண்டார்கள். உங்கள் படத்தில் ஸ்டாக்கிங்ஸ் கிடைக்காவிட்டால் அதே வேலையைச் செய்யுங்கள், காலத்துக்கும் பொருந்தும். குடை மாதிரி விரியும் ஸ்கர்ட், பாரிஸ் உடை வடிவமைப்பாளர் டியோர் 1947-ல் கொண்டுவந்த பாணியோடு பரவியது. அதைப் போட்டு 1943 என்று சொன்னால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்றைய கதை என்றால் இந்தக் கணக்கு வேண்டாம். ஆனால் ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: உடம்பில் ஓரிடம்தான் திறந்திருக்க வேண்டும். முதுகு திறந்திருந்தால் கழுத்து மூடட்டும். தோள் திறந்திருந்தால் கை மூடட்டும். எந்த இடம் என்பதை நடிகையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் கூசும் இடத்தைத் திறந்து வைத்தால் கேமரா முதலில் பிடிப்பது அந்தக் கூச்சத்தைத்தான்.

துணி

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான்.

கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும். இருட்டான அறையில் கறுப்பு காட்டனோ வெல்வெட்டோ உடுத்தி ஒருவரை நிற்க வைத்தால் முகமும் கையும் மட்டும் தனியாக மிதக்கும். சாட்டினில் அப்படி ஆகாது. அதன் மினுமினுப்பு இடுப்பு வளைவிலும் முழங்கால் மடிப்பிலும் ஒரு கோடாக வெளிச்சத்தைப் பிடித்துக் காட்டும். அவள் திரும்பும்போது அந்தக் கோடும் நகரும். கறுப்பு வெள்ளைப் படக்காரர்கள் சாட்டினை விரும்பியதற்கு இது பெரிய காரணம்.

கடையில் தொட்டுப் பாருங்கள். தாள் மாதிரி மொடமொடவென்று நின்றால் அது அலங்காரத் துணி, மேடைத் திரைக்குத்தான் ஆகும். கையில் போட்டால் தண்ணீர் மாதிரி வழிய வேண்டும். பின்பக்கம் கிரேப் இருக்கும் சாட்டின் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல், இரண்டையும் ஒரே உடையில் பயன்படுத்தலாம். பளிச்சென்ற வெள்ளை கேமராவில் மடிப்பு தெரியாமல் வெளிறிப்போகும். க்ரீம் நிறம் எடுங்கள், படத்தில் வெள்ளையாகவே தெரியும்.

உடம்போடு வழியும் கவுன் வேண்டும் என்றால் துணியைக் கிராஸில் வெட்டச் சொல்ல வேண்டும், அதாவது 45 டிகிரி சாய்வில். நேர்வெட்டுக்கு ஆவதைவிடத் துணி கூடுதலாகப் பிடிக்கும், வாங்கும்போதே கணக்கில் வையுங்கள். முதலில் மலிவான காடா துணியில் ஒன்று தைத்து ட்ரையல் பாருங்கள். சாட்டினில் தைத்துப் பிரித்தால் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கும், அதை மறைக்க வழியே இல்லை. குண்டூசி குத்துவதானாலும் தையலுக்குள் மறையும் விளிம்பில்தான் குத்த வேண்டும். மெஷினில் 9 அல்லது 11 எண் ஊசி, புதியது. தைத்ததும் கீழ் மடிப்பு அடிக்காமல் ஒரு நாள் முழுக்கத் தொங்க விடுங்கள். கிராஸ் துணி தன் எடையிலேயே இறங்கும், அதுவும் ஒரே சீராக இறங்காது. மறுநாள் நடிகைக்கு உடுத்தி, அவர் போடப்போகும் செருப்போடு நிற்க வைத்து, தரையிலிருந்து அளந்து மடிப்பு அடியுங்கள். இஸ்திரி பின்பக்கமாக, சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணி போட்டு. தண்ணீர் தெளிக்காதீர்கள், சில சாட்டினில் திட்டு விழும்.

உள்ளே என்ன இருக்கிறது

சில வருடங்களுக்கு முன் ஒரு நாடகத்துக்கு நான் தோள் பட்டை, அதாவது ஸ்ட்ராப், இல்லாத கவுன் ஒன்று தைத்துக் கொடுத்தேன். மேல் விளிம்பில் எலாஸ்டிக் மட்டும். ட்ரையலில் அழகாக இருந்தது. மேடையில் அந்தப் பெண் முதல் முறை கையை உயர்த்தியதும் கவுன் அரை அங்குலம் இறங்கியது. அதன் பிறகு நாடகம் முடிகிற வரைக்கும் அவரது இடது கை மார்பை விட்டு நகரவே இல்லை. வசனம் ஒன்றுகூடத் தவறவில்லை, குரலும் நன்றாக இருந்தது. ஆனால் அரங்கத்தில் இருந்த எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னம்பிக்கை என்று நாம் சொல்வதில் பாதி, உடை நழுவாது என்று உடம்புக்குத் தெரிந்திருப்பதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணிடம் இன்றைக்கும் எனக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு.

அதற்குப் பிறகுதான் ‘கில்டா’ கவுனை ஒழுங்காகப் படித்தேன். 1946-ல் வந்த அந்தப் படத்தில் ரீட்டா ஹேவொர்த் பாடி ஆடும்போது போட்டிருக்கும் கறுப்பு சாட்டின் கவுனுக்குத் தோள் பட்டை கிடையாது. ஜான் லூயி வடிவமைத்தது. ஜான் சிங்கர் சார்ஜன்ட் 1884-ல் காட்சிக்கு வைத்த ‘மேடம் எக்ஸ்’ ஓவியத்தின் கறுப்பு உடையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த ஓவியத்தில் முதலில் ஒரு பக்கத் தோளின் பட்டை நழுவி விழுந்த மாதிரி இருந்தது. பாரிஸில் பெரிய கூச்சல் எழுந்து, சார்ஜன்ட் பிறகு அதைத் தோளுக்கு மேலேயே வரைந்துவிட்டார். ஜான் லூயியோ பட்டையையே எடுத்துவிட்டார். பாட்டு முழுக்க ரீட்டா கையைத் தூக்குகிறார், இடுப்பை வளைக்கிறார், கவுன் அசையவில்லை. வெளியே பார்த்தால் ஒரு துணி. உள்ளே போன், அதாவது துணியை விறைப்பாக நிறுத்தும் மெல்லிய பட்டி, வைத்துக் கட்டிய ஒரு கூடு.

நம் டெய்லரிடம் இதை இப்படிச் சொல்லுங்கள்: உள்ளே கெட்டியான காட்டன் லைனிங். நடுவில், பக்கங்களில், முதுகில் பிளாஸ்டிக் போன். போனின் முனையைத் தேய்த்து உருட்டித் துணி சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அக்குளில் குத்தும். எல்லாவற்றையும்விட முக்கியம் இடுப்பில் உள்பக்கமாக ஓடும் ஒரு கெட்டி நாடா. அதற்குத் தனியாக இரண்டு கொக்கி வையுங்கள். முதலில் அந்தக் கொக்கியைப் போட்டு, பிறகு ஜிப்பை இழுத்தால், உடையின் எடை மார்பில் நிற்காமல் இடுப்பில் உட்கார்ந்துவிடும். முடித்ததும் நடிகையை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், குனிந்து செருப்பு வாரைப் போடச் சொல்லுங்கள், பத்து முறை குதிக்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். புருவம் நெளியவில்லை என்றால் சரி.

அதே பாட்டில் அவர் ஒரு நீளக் கையுறையைக் கழற்றுகிறார். அது ஒன்றைக் கழற்றியதற்கே அந்தக் காட்சி இவ்வளவு காலம் பேசப்படுகிறது. கையுறை கழற்றுவதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். முழங்கைக்கு மேலிருந்து சுருட்டாமல் கொஞ்சம் இறக்குங்கள். பிறகு சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரல் நுனியையும் அரை அங்குலம் தளர்த்துங்கள். அப்புறம் நடுவிரலைப் பிடித்து ஒரே இழுப்பு. அவசரப்பட்டால் உள்பக்கம் வெளியே வந்து சட்டைக் கை மாதிரி தொங்கும். முந்தின நாளே கைக்கு பவுடர் போட்டு இருபது முறை பழகிவிட்டால் படப்பிடிப்பில் கண் கையைத் தேடாது. கண் எதிரில் இருப்பவன் மேல் இருக்க வேண்டுமே.

முடி, முகம்

முடிக்கு முதல் விதி, இரண்டு நாள் முன்பே எண்ணெய் வைப்பதை நிறுத்துங்கள். எண்ணெய் இருந்தால் சுருள் நிற்காது. பக்கவாட்டில் ஆழமாக வகிடு எடுத்து, லேசான ஈரத்தில் எல்லாச் சுருளையும் ஒரே திசையில் உருட்டி, ஊசி குத்தி, முழுவதும் காய விடுங்கள். அவிழ்த்த பிறகு தைரியமாகச் சீவ வேண்டும். சீவினால்தான் தனித்தனிச் சுருள் கலைந்து ஒரே அலையாக மாறும். இடுப்பு வரை முடி இருந்தால் வெட்ட வேண்டாம், நுனியை உள்ளே மடித்துப் பின்கழுத்தில் கொண்டை ஊசியால் நிறுத்தினால் தோளளவு முடியாகத் தெரியும். ஒரு கண்ணை மறைத்து விழும் முடியைப் பிரபலமாக்கியவர் ஹாலிவுட் நடிகை வெரோனிகா லேக். போர்க்காலத் தொழிற்சாலைப் பெண்கள் அதேபோல் முடியை விட்டு, அது இயந்திரத்தில் சிக்கும் ஆபத்து வந்ததால், அரசு கேட்டு அவர் தன் முடியலங்காரத்தை மாற்றிக்கொண்டார்.

உதட்டுச் சாயம் நம் மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் ஆரஞ்சு கலந்த சிவப்பைவிட நீலம் கலந்த ஆழச் சிவப்பு, அல்லது பழுத்த நாவல் பழ மெரூன் நன்றாக நிற்கும். ஒரு பூச்சு, டிஷ்யூவால் ஒற்றல், மெல்லிய பவுடர், மறுபடி ஒரு பூச்சு. கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் போனில் நிறத்தை எடுத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். கண்ணுக்குப் பிரமாதமாகத் தெரிந்த சிவப்பு தோலின் சாம்பல் நிறத்தோடு கலந்து காணாமல் போவதுண்டு. தோலை வெளுக்க வைக்காதீர்கள். நடிகையின் சொந்த நிறத்தில் சாட்டினின் ஒளி விழும்போது வரும் அழகை எந்தப் பவுண்டேஷனும் தராது.

உடம்பு

ஹாலிவுட் நடிகை லாரன் பக்கால் 19 வயதில் தன் முதல் படத்தில் நடித்தார், 1944-ல் வந்தது. படப்பிடிப்பில் பயத்தில் அவருக்குத் தலை நடுங்கியது. நடுக்கத்தை நிறுத்த ஒரே வழியாகத் தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி அழுத்திக்கொண்டு, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் உலகம் பிறகு ‘தி லுக்’ என்று கொண்டாடியது. நடுங்குகிற பெண்ணிடம் “தைரியமாக இரு” என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. தாடையை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுங்கள்.

அதையே செய்து பாருங்கள். தாடை இரண்டு விரல் அளவு கீழே, கண் மேலே. எதிரில் இருப்பவர் பேசும்போது கண் சிமிட்டாமல் கேட்கச் சொல்லுங்கள். அவர் முடித்த பிறகு மனதில் ஒன்று, இரண்டு எண்ணி, பிறகு பதில். இந்த இரண்டு நொடிதான் புதியவர்களுக்கு மிகக் கடினம். அமைதியை எதையாவது செய்து நிரப்பத் தோன்றும். கை முடியைத் தேடும், விரல் மோதிரத்தைத் திருகும். கையில் ஒரு பொருளைக் கொடுத்து, அதை அசைக்காமல் பிடித்திருக்கச் சொல்வதுதான் நான் கண்ட நல்ல வைத்தியம். ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அசைந்தால் தண்ணீரே காட்டிக் கொடுக்கும்.

நடையில் இடுப்பை ஆட்ட வேண்டாம், கிராஸ் சாட்டினே தேவையான அளவு ஆடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கதவருகில் ஒரு கணம் நின்று, அறையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் போதும். உட்காருவதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. 1999-ல் வந்த ‘படையப்பா’வில் நீலாம்பரியாக ரம்யா கிருஷ்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார், எதிரில் நிற்பவருக்கு நாற்காலி இருக்காது. முழுக்க மூடிய உடையில், ஒரு நாற்காலியை மட்டும் வைத்து எவ்வளவு அதிகாரம் காட்ட முடியும் என்பதை அதில் பார்க்கலாம். முதுகு நாற்காலியில் முழுசாகச் சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். நுனியில் உட்காருகிறவள் எதையோ கேட்க வந்தவளாகத் தெரிவாள்.

குரலுக்கு, ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளை வயிற்றிலிருந்து மூச்செடுத்து மெதுவாக உரக்கப் படித்தால் நல்ல மாற்றம் தெரியும். பக்காலும் தனியே உரக்கப் படித்துத்தான் குரலைத் தாழ்த்தினார். கிசுகிசுப்பது வேண்டாம், மேடையில் மூன்றாம் வரிசைக்கே கேட்காது.

முந்தின நாள்

உடையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சாதாரண வேலை செய்ய வையுங்கள். படி ஏறட்டும், டீ போடட்டும், போனில் அம்மாவோடு பேசட்டும். முதல் பத்து நிமிடம் பாவாடை மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அரை மணியில் அது குறையும். எந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறார் என்று குறித்து வைத்து, இரவே அந்த இடத்தைப் பிரித்துத் தையுங்கள். அதே அறையில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கைப் போட்டு, பின்னால் சின்னதாக இன்னொன்று வைத்து, போனில் படமெடுத்துப் பாருங்கள். தோளின் விளிம்பு இருட்டிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும்.

பையில் எடுத்துப் போக வேண்டியவை: அதே நிற நூல் கோத்த இரண்டு ஊசி, ஊக்கு, இரட்டைப் பக்க ஒட்டு டேப், சாட்டின் உடம்பில் ஒட்டாமல் இருக்க உள்பாவாடையில் தடவக் கொஞ்சம் பவுடர், உதட்டுச் சாயம், கையுறை இன்னொரு ஜோடி, டேக் முடிந்ததும் மாட்டிக்கொள்ள ரப்பர் செருப்பு, மேலே போர்த்திக்கொள்ள ஒரு பெரிய சால்வை. கடைசி இரண்டும் நடிகைக்கு. “கட்” சொன்ன உடனே கேட்காமலே அந்தச் சால்வையை நீட்ட ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அது நானாகத்தான் இருப்பேன்.